கடற்காற்றோரம் ஒரு கராஜ் – 6: முதலில் நிலம்

போர்ட் பிரிஃபெக்ட் காரின் உடலைக் கழற்றி மரக்கட்டைகளில் ஏற்றியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். கீழே மிஞ்சியது அதன் செசி. ‘ப’ வடிவில் மடித்த மெல்லிய தகட்டில் இரண்டு நீளச் சட்டங்கள், நடுவே சில குறுக்குச் சட்டங்கள், முன்னுக்கும் பின்னுக்கும் குறுக்காகப் போட்ட ஒவ்வொரு வில். 1949 முதல் 1953 வரை வந்த இந்த வகைக் காரின் 1172 சிசி எஞ்சின் தந்தது 30 குதிரைவலுதான். அந்த வலுவுக்கு இந்தச் செசி தாராளம். நாங்கள் இறக்கப்போவது கொரோலாவின் 4கே எஞ்சின். வலு ஏறக்குறைய இரண்டு மடங்கு; உதிரிப்பாகமும் பஞ்சிகாவத்தையில் இன்றைக்கும் தேடி எடுக்கலாம். ஆகவே பழைய செசியை ஒருபுறம் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டுகிறோம். 3 அங்குலத்துக்கு 2 அங்குலப் பெட்டிக் குழாய், சுவர்த் தடிப்பு 3 மில்லிமீற்றர்.

‘ப’ வடிவச் சட்டத்தையே இன்னும் தடிப்பாக எடுத்தால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஒரு காகித மட்டைக் குழலைக் கையில் எடுத்து இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதையே நீளவாக்கில் ஒரு கோடு வெட்டிவிட்டு முறுக்கினால் கையோடு வந்துவிடும். இரும்பிலும் அதுதான் கணக்கு. நாங்கள் எடுத்த பெட்டிக் குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்டுத் திறந்துவிட்டால், முறுக்கத்துக்கு எதிரான அதன் விறைப்பு இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மேடு பள்ளத்தில் ஒரு சில்லு ஏறி மறு சில்லு இறங்கும்போது செசிக்கு வருவது இந்த முறுக்கம். தடிப்பைக் கூட்டினால் பாரந்தான் கூடும். மூடிய வடிவம் விறைப்பைத் தரும்.

இரும்பு வந்த அன்றே வெட்டத் தொடங்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். எங்களுக்கு உதவ வந்த ஓய்வுபெற்ற வெல்டிங் பாஸ் ஒருவர் குழாயைத் தொட்டும் பார்க்கவில்லை. “தம்பி, முதல்ல நிலத்தைப் பாரும். இரும்பு எங்கயும் ஓடாது” என்றார். இந்தப் பகுதி முழுவதும் அந்த ஒரு வார்த்தையைப் பற்றியதுதான்.

வீட்டுக் கராஜின் சீமெந்துத் தரை கழுவும் தண்ணீர் வடிவதற்காக வாசல் பக்கம் சரித்துப் போடப்பட்டிருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. அந்தத் தரையில் செசியை ஒட்டினால் தரையின் சரிவு அப்படியே வண்டிக்குள் போய்விடும். அதனால் தரைமேல் இரண்டு கனத்த இரும்பு உத்தரங்களைக் கிடத்தி, அடியில் தகடு செருகி மட்டம் எடுத்தோம். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் மட்டத்தைவிட நம்பகமான கருவி இதற்கு வேண்டியதில்லை. பிறகு நடுக்கோடு: சோக் தடவிய நூலை இழுத்து அடித்து, அதிலிருந்து இரு பக்கமும் அளந்து, தூக்குக் குண்டால் அச்சுகளின் இடத்தைக் குறித்தோம். பிரிஃபெக்ட்டின் முன் பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 94 அங்குலம். பழைய உடலே மேலே உட்காரவேண்டும் என்பதால் அதில் கைவைக்க முடியாது.

வெட்டிய துண்டுகளை உத்தரத்தோடு இறுக்கிப் பிடித்த பின்னும் முழு ஒட்டுக்குப் போகக்கூடாது. மூலைகளில் பொட்டுப் பொட்டாகத்தான் முதல் ஒட்டு. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கி, பக்கத்தில் உள்ளதைத் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கத்தில் நீளமாக ஒட்டிக்கொண்டு போனால் நேராக நின்ற சட்டம் வில்லாக வளைந்துவிடும். ஆகவே முன் இடது மூலையில் சிறு ஒட்டு, அடுத்தது பின் வலது மூலையில், பிறகு மற்ற இரண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கவேண்டும். அவை 2 மில்லிமீற்றருக்குமேல் வேறுபட்டால் பொட்டை வெட்டித் திரும்பவும் சரிபார்க்கவேண்டும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஆறவைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒட்டிய இடம் இறுகி, உடையும் தன்மைக்குப் போகலாம்.

எங்கள் கராஜ் இருக்கும் தெஹிவளைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வாயு பாய்ச்சி ஒட்டும் முறையில் உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காப்பது அந்த மெல்லிய வாயுப் போர்வைதான். தென்மேல் பருவக்காற்று மாதங்களில் பின்னேரக் கடற்காற்று காலி வீதியைத் தாண்டி உள்ளே வரும். போர்வை கலைந்துவிடும், ஒட்டு முழுக்க நுண்துளை விழும். மேலே பார்க்க அழகாகவே இருக்கும், உள்ளே சோறாகக் கிடக்கும். அதனால் விடிகாலையில் ஒட்டுவோம், மேற்குப் பக்கக் கதவைச் சாத்திவிட்டுக் கிழக்குப் பக்கத்தைத் திறந்து வைப்போம். புகை போக வழி வேண்டும், கதவு எல்லாவற்றையும் அடைத்துவிடக்கூடாது. ஒட்டுக்குச்சி பாவிப்பவர்கள் குச்சிகளை ஈரம் பிடிக்காமல் காக்கவேண்டும். நாகம் பூசிய குழாயை ஒட்டவே வேண்டாம். அந்த வெள்ளைப் புகை காய்ச்சல் தரும்.

உப்பு இன்னொரு பகை. பெட்டிக் குழாய் உள்ளேயிருந்துதான் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முனைக்கும் தகடு வெட்டி முழுச் சுற்றும் ஒட்டி மூடினோம். துளை போட்டே ஆகவேண்டிய இடத்தில் குழாயினூடே ஒரு சிறு குழலைச் செலுத்தி, இரு பக்கமும் ஒட்டி அடைத்தோம். உள்ளே காற்றுப் போகாவிட்டால் துரு வளர வழியில்லை.

வீட்டுக் கராஜில் செசி கட்டுவது பொழுதுபோக்குத்தானே என்பவர்களுக்கு இரண்டு பெயர் சொல்லவேண்டும். 1948இல் கொலின் சப்மன் ஒரு பழைய ஒஸ்டின் செவனைப் பிரித்துத் தன் முதல் லோட்டஸ் காரைக் கட்டியது, லண்டனில் அவருடைய காதலியின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கராஜில். கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றையிருக்கைப் பந்தயக் கார்களை உள்ளூரிலேயே செய்தார். அந்தப் பார்முலா மாருதியில் இளம் வயதில் ஓடிய நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா 1 வரை போனார். எங்கள் தீவிலும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இலேயே தொடங்கிவிட்டது. இவ்வளவு நீண்ட மரபு உள்ள நாட்டில் பிள்ளைகளுக்கு ஒரு செசியை அளக்கக் கற்றுக்கொடுக்க இடம் குறைவாக இருப்பது எனக்கு உண்மையில் வருத்தம்.

ஒரு எச்சரிக்கை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகத்தில் வண்டியின் அடையாளம் செசி இலக்கம். பழைய இலக்கத்தை வெட்டியெடுத்துப் புதிய இரும்பில் ஒட்டுவது மோசடி. எங்கள் புதிய செசி மூடிய பந்தயத் தடத்துக்கு மட்டும்; பழையது இலக்கத்தோடும் புத்தகத்தோடும் கைபடாமல் இருக்கிறது, விரும்பிய நாளில் உடலைத் திருப்பி அதன்மேல் ஏற்றலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் எத்தனையோ பழைய கார்கள் மீண்டும் றோட்டுக்கு வந்தன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உங்கள் வளவு மூலையில் பழைய போர்ட், ஒஸ்டின் செசி எதுவும் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள். அச்சு, வில், இலக்கத் தகடு, புத்தகம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, திருத்தத் தெரிந்த ஒருவர் கையில் சேர்த்துவிடுங்கள்.

(அடுத்த இதழில்: பின் அச்சைப் பொருத்துதல்)