வானூர்திக்கு இரு பெயர்

மொழிக்கு முதலாகும் எழுத்துக்கள் இவை, முதலாகா எழுத்துக்கள் இவை என நம் இலக்கணம் வரையறுத்துள்ளது. டகரமும் றகரமும் தமிழ்ச் சொல்லின் முதலில் நில்லா. வானூர்திகளின் பெயர்களுக்கும் இத்தகைய எழுத்திலக்கணம் உண்டு.

பயணிகளை ஏற்றிச் செல்லும் வானூர்திக்குப் பெயர் இரண்டு. ஒன்று பதிவுக்குறி, மற்றொன்று அழைப்புக்குறி.

பதிவுக்குறி ஊர்தியின் உடலுக்கு உரியது. 1944-ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின்படி, ஓர் ஊர்தி ஒரே காலத்தில் இரு நாடுகளில் பதிவு பெறுதல் செல்லாது. குறியின் முற்பகுதி நாட்டை உணர்த்தும். மலேசியாவுக்கு 9எம், சிங்கப்பூருக்கு 9வி, இந்தியாவுக்கு விடி என்பன வழங்கும். பிற்பகுதி அந்நாட்டிலுள்ள தனி ஊர்தியைச் சுட்டும். அஃது எழுத்தில் தொடங்கின் இடையே சிறு கோடு இடல் வேண்டும்.

அமெரிக்காவின் நாட்டுக்குறி 'என்' என்னும் ஓரெழுத்து. அதனையடுத்து எண் வருதலால் கோடு இல்லை. அங்குள்ள விதிகள் நுட்பமானவை. 'என்' எழுத்தின்பின் ஐந்து குறிகளுக்கு மேல் வாரா. அவற்றுள் முதலாவது சுழியாகாது. எழுத்து வரின், இறுதியில் ஒன்றோ இரண்டோ மட்டும் வரலாம். 'ஐ', 'ஓ' என்னும் ஆங்கில எழுத்துக்கள் அறவே விலக்கப்பட்டன. அவை ஒன்று, சுழி என்னும் எண்களோடு மயங்கும் அன்றோ? ஆகவே என்123ஏபி செல்லும். என்012, என்12ஏ3 செல்லா. எஸ்ஓஎஸ் போன்ற இடர்க்குறிகளோடு மயங்கும் சேர்க்கைகளைப் பன்னாட்டு விதியே தடுக்கின்றது.

அழைப்புக்குறி, விமானியும் தரைநிலையமும் வானொலியில் பேசுங்கால் வழங்குவது. சிறு ஊர்திகள் பெரும்பாலும் பதிவுக்குறியையே கூறி அழைக்கும். விமான நிறுவனங்களோ தம் வானொலிப் பெயரோடு பயண எண்ணைச் சேர்த்து வழங்கும். பதிவுக்குறியால் அழைக்கப்படும் ஊர்தியின் பெயரைத் தரைநிலையம் முதலில் சுருக்கினாலன்றி விமானி சுருக்குதல் கூடாது. ஏனெனில், ஒலி ஒத்த பெயருடைய இரண்டு ஊர்திகள் அருகருகே பறக்குமாயின், ஒன்றுக்கு இட்ட கட்டளையை மற்றொன்று ஏற்றுவிடும். ஏட்டில் நேரும் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம்; வானில் நேரும் பிழையைத் திருத்தக் காலம் இராது.

இவ்விரு பெயர்களின் வேறுபாட்டை ஒரு துயர நிகழ்ச்சி தெளிவாக்குகின்றது. 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிச் சென்று மறைந்த ஊர்தியின் பதிவுக்குறி 9எம்-எம்ஆர்ஓ. அதிகாலை 1.19 மணிக்கு அதிலிருந்து வந்த இறுதிச் சொற்களில் ஒலித்த அழைப்புக்குறி 'மலேசியன் திரி செவன் ஜீரோ'. பின்னர் நிறுவனம் அவ்வெண்ணைக் கைவிட்டு, அப்பயணத்துக்கு வேறெண் சூட்டியது. எண் பயணத்துக்கு உரியது. ஆதலின் மாற்ற முடிந்தது. பதிவுக்குறியோ அவ்வுடலோடு போயிற்று.

இதனாலன்றோ, ஒவ்வோர் ஊர்தியின் வாயிலருகிலும் தீயில் வேகாத தகட்டில் பதிவுக்குறியைப் பொறித்து வைத்தல் வேண்டும் எனப் பன்னாட்டு விதி பணிக்கின்றது! மேலே தீட்டிய வண்ணம் அழியினும், அவ்வுடலை இன்னதென்று அறியப் பெயர் எஞ்சுதல் வேண்டும்.