பனங்கட்டியும் பனிக்கட்டியும்

புலம்பெயர்ந்த எமது வீடுகளில் அதிகம் ஒலிக்கும் சொல் எதுவென்று கேட்டால், "பிறகு" என்றே சொல்வேன். பிறகு கதைப்போம். பிறகு பாடிக் காட்டு, அம்மாவுக்கு இப்போது வேலை. கடன் அடைந்த பிறகு, வதிவிட அனுமதி கிடைத்த பிறகு, சொந்த வீடு வாங்கிய பிறகு என்று எமது மகிழ்ச்சிக்கெல்லாம் நாமே தவணை குறித்து வைத்திருக்கின்றோம். பிள்ளைகளோ அத்தவணை வரும்வரை பிள்ளைகளாகவே இருப்பதில்லை.

இதைப் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. நானும் அவ்வாறே வாழ்ந்தவள். நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளுக்கு எண்பதுகளிலிருந்தே எம்மவர் பலர் வேலை தேடிச் சென்றனர். பிற்காலத்தில் நானும் கணவரும் அவ்வழியே சென்றோம். யாழ்ப்பாணத்தில் வெண்கட்டி பிடித்த கை, அங்கே மீன் வெட்டும் கத்தியைப் பிடித்தது. அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய துண்டுக் காகிதங்களிலேயே எமது இல்லறம் நடந்தது. "பால் முடிந்துவிட்டது." "மகனுக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது, மருந்து இன்னும் ஒரு வேளை." இவற்றை அன்றன்றே கிழித்தெறிந்தோம். அவற்றைச் சேர்த்து வைத்திருந்தால் இன்று எமக்கு ஒரு குடும்ப வரலாறு இருந்திருக்கும்.

2004 ஆம் ஆண்டில் என் தாயார் எங்களிடம் வந்து சேர்ந்தார். பின்மார்க்கின் மாரிகாலத்தை அறியாதவர்களுக்கு அதை விளக்குவது கடினம். கார்த்திகையின் தொடக்கத்தில் மறையும் சூரியன் தை மாதத்திலேதான் மீண்டும் தலைகாட்டும். அந்த இருளில் அம்மா யன்னலருகே அமர்ந்திருப்பார். தொலைக்காட்சியின் மொழி அவருக்கு விளங்காது. பேரப்பிள்ளைகள் இருவரும் தமக்குள் நோர்வேஜிய மொழியிலேயே பேசிக்கொள்வர். "என்னை ஊருக்கு அனுப்பிவிடு பிள்ளை" என்று அம்மா கேட்கத் தொடங்கினார். 2006 ஆகஸ்டில் மீண்டும் போர் மூண்டு ஏ9 பாதை மூடப்பட்டதும் அந்தக் கேள்வியையும் நிறுத்திக்கொண்டார். கேட்பதற்கு ஒன்றுமில்லாதபோது அவர் பேசுவதும் குறைந்தது. ஒரே கூரையின் கீழ் ஐவர் வாழ்ந்தும் அது பேச்சற்ற வீடாயிற்று.

அடுத்த ஆண்டு ஆடி மாதம். ஒஸ்லோவில் வாழும் என் தமக்கை இரண்டு பனங்கட்டிக் குட்டான்களை அஞ்சலில் அனுப்பியிருந்தார். கொழும்பிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்தவை. அவ்வோலைக் குட்டானை முகர்ந்து பார்த்த அம்மா, நாளை ஆடிப்பிறப்பு, கூழ் காய்ச்ச வேண்டும் என்றார். அவராக ஒன்றை வேண்டும் என்று சொல்லி எத்தனையோ மாதங்களாகியிருந்தன. எனக்கும் அப்போது கோடை விடுமுறை. இல்லையேல் "பிறகு" என்றுதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் அடுக்களையில் அம்மாவே தலைமை ஏற்றார். பயற்றை வறுத்து உடைத்தார். பச்சையரிசி மாவில் ஒரு பங்கைக் கொதிநீர் விட்டுக் குழைத்து என் மகளிடம் கொடுத்து, சிறு உருண்டைகளாக உருட்டித் தட்டச் சொன்னார். தேங்காய்ச் சொட்டு அரிந்தார். பால் பிழியத் தேங்காய்ப் பூ இல்லை. தகரப் பேணியில் வந்த தேங்காய்ப்பாலைச் சந்தேகத்துடன் சுவைத்துப் பார்த்து, "பரவாயில்லை" என்றார். கடைசியில் குட்டானைப் பிரித்து, "இனிப் பனங்கட்டியைப் போடுவோம்" என்றபோது, ஏழு வயது மகன் திகைத்துக் கேட்டான்: "அம்மம்மா, கொதிக்கிற கூழுக்குள் ஏன் பனிக்கட்டி போடுகிறீர்கள்? ஆறிவிடாதா?"

அம்மா சிரித்தார். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பனையைக் கண்டிராத பிள்ளைக்குப் பனியைத்தானே தெரியும்! 'பனை' என்பதன் ஈற்றிலுள்ள ஐகாரம் கெட்டு, 'அம்' சாரியை பெற்று, 'கட்டி'யோடு புணர்ந்து பனங்கட்டி ஆகும் என்ற விதியைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! என் வகுப்பில் ஒரு மாணவராவது அதைக் கேட்டுச் சிரித்ததில்லை; மகிழ்ந்ததுமில்லை. அன்று அவ்விதி அடுப்பங்கரையில் தானாகவே விளங்கிற்று. மகன் ஒரு கையில் பனங்கட்டித் துண்டையும் மறு கையில் உறைபெட்டியின் பனிக்கட்டியையும் வைத்துக்கொண்டு வீடெங்கும் பாடித் திரிந்தான்: "பனங்கட்டி வாயிலே கரையும், பனிக்கட்டி வெயிலிலே கரையும்." அந்த வெயிலின் தட்டுப்பாட்டை அறிந்தவன் அவன். பிள்ளை கவிஞனாகிவிட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழில் ஒன்றை அவன் தானாகவே ஆக்கியது அதுவே முதல் தடவை.

கூழை மடித்த பலா இலையில் அள்ளிக் குடிப்பதே ஊர் வழக்கம். மரமே அரிதான அக்கடற்கரையில் பலா இலைக்கு எங்கே போவது? அம்மா வழக்கத்தைச் சொல்லச் சொல்ல, மகள் கேக் தட்டில் விரிக்கும் தாளை இலை வடிவில் வெட்டி, பற்குச்சியால் குத்திக் கோலிக் கொடுத்தாள். அம்மா அதை ஏற்றுக்கொண்டார். இன்னொரு சிக்கலும் இருந்தது. பொழுதுபட்டதும் விளக்கேற்றிப் படைப்பதென்று அவர் காத்திருந்தார். ஆடிப்பிறப்பு வரும் நாட்களில் அங்கே சூரியன் மறைவதேயில்லை. நள்ளிரவிலும் வெயில் எறிக்கும். வெகுநேரம் யன்னலைப் பார்த்திருந்துவிட்டு, "சரி, மணிக்கூட்டுக்கு ஏற்றுவோம்" என்றார். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவர் அரை மணிநேரம் பிந்திப் போனார்.

அன்றிரவு அம்மா, நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலைப் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டினார். புலவர் (1878–1953) எம்மைப் போன்று பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். கூழையும் கொழுக்கட்டையையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் அவர் பாடினார்; பனைக்கென்றே 'தாலவிலாசம்' என்றொரு நூலும் செய்தார். பாடுபொருளைத் தேடி அவர் தம் வேலிக்கு அப்பால் அதிகம் போனதில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மறுநாள் ஒரு கொப்பி வாங்கினேன். மகனின் இரு வரிகளை முதற்பக்கத்தில் எழுதினேன். அதன்பின் வீட்டில் எவர் எதைச் சொன்னாலும், சிரிப்போ சண்டையோ, திகதியிட்டு எழுதினோம். எழுத்துப்பிழைகளைத் திருத்துவதில்லை என்று எனக்கு நானே சட்டம் விதித்துக்கொண்டேன். ஆசிரியத் தொழில் செய்தவர்களுக்கு இது எவ்வளவு கடினமென்பது தெரியும். நாளுக்குக் கால்மணி நேரம், சில நாட்களில் அதுவுமில்லை. வார இறுதியில் தமிழ் வகுப்பு, நடனம், மிருதங்கம், நீச்சல் என்று பிள்ளைகளை வாகனத்தில் ஏற்றி இறக்கும் பெற்றோரைக் காண்கின்றேன். அவை வேண்டியவையே. ஆயினும் அப்பிள்ளை அன்று என்ன சொல்லிச் சிரித்ததென்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

அம்மாவின் மௌனம் முற்றாக நீங்கிவிட்டதென்று பொய் சொல்லமாட்டேன். மாரி வந்ததும் மீண்டும் யன்னலருகே அமர்ந்தார். ஆனால் கொப்பி அவர் மடியில் இருந்தது. கூழ், ஒடியற்பிட்டு, பனங்காய்ப் பணியாரம் ஆகியவற்றின் செய்முறைகளை நடுங்கும் எழுத்தில் எழுதினார். மகன் அருகிலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தான். 2013 இல் அம்மா காலமானார்.

இன்று மகன் தொலைவில் வேறொரு நகரில் வேலை செய்கின்றான். சென்ற ஆடியில் தொலைபேசியில் அழைத்து, நண்பர்களுக்குக் கூழ் காய்ச்சப் போவதாகவும், மா எவ்வளவு என்றும் கேட்டான். கொப்பியை எடுத்து வாசித்தேன். "மா ஒரு சுண்டு" என்று அம்மாவின் கையெழுத்தில் இருந்தது.

"சுண்டு என்றால் எத்தனை கிராம் அம்மா?"

எனக்கும் தெரியவில்லை. அம்மா அளக்கும் பழைய பால்பேணி அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதில் மாவை நிரப்பித் தராசில் வைத்தேன். மறுமுனையில் அவன் காத்திருந்தான்.