முதல் பதிப்பிடம் மூன்றாம் பதிப்பைக் கேட்காதீர்கள்

போட்டித் தேர்வுக்குப் படிக்க உட்காருகிறவர் முதல் வேலையாகக் கால அட்டவணை போடுகிறார். பாடத்துக்கு ஒரு வண்ணப் பேனா, வாரத்துக்கு ஒரு கட்டம் என்று அது கச்சிதமாக வரும்வரை புத்தகத்தைத் திறப்பதில்லை. ஆய்வேடு எழுத வேண்டியவர், இன்னும் நாலு நூல் பார்த்துவிட்டு எழுதலாம் என்று முதல் அத்தியாயத்தைத் தள்ளிப்போடுகிறார். நடைப்பயிற்சி தொடங்க நினைக்கிறவர் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கிறார். அது தவறினால் ஒன்றாம் தேதிக்கு. அதுவும் தவறினால் தை பிறக்கட்டும் என்கிறார். இவர்களைச் சோம்பேறி என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். சோம்பேறிக்கு வேலையின் மேல் அக்கறை கிடையாது. இவர்களுக்கோ அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது என்பது இவர்கள் கொள்கை. கேட்க உயர்ந்ததாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கடைப்பிடித்தவர்கள் கையில் கடைசியில் மிஞ்சியது என்ன என்று பார்த்தால் கணக்கு உதைக்கிறது. உயர்ந்த தரத்தை விரும்புவதில் பிழையில்லை. அந்தத் தரத்தை முதல் முயற்சியிடமே கேட்பதில்தான் பிழை தொடங்குகிறது.

இதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சாட்சி சார்ல்ஸ் பாபேஜ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலோட்டிகளும் வானியலாளர்களும் காப்பீட்டுக்காரர்களும் அச்சிட்ட கணித அட்டவணைகளை நம்பித்தான் வேலை செய்தார்கள். அவற்றை ஆட்கள் கையால் கணக்கிட்டு, கையால் அச்சுக் கோத்ததால் பிழைகள் மலிந்து கிடந்தன. கணக்கையும் அச்சையும் இயந்திரமே பார்த்துக்கொண்டால் பிழைக்கே இடமில்லை என்று கருதிய பாபேஜ், 1822இல் தம் 'வேறுபாட்டு இயந்திர'த் திட்டத்தை முன்வைத்தார். பிரிட்டிஷ் அரசு பணம் கொடுத்தது. ஜோசப் கிளமென்ட் என்ற தேர்ந்த இயந்திரக் கலைஞர் பாகங்களைக் கடைந்து கொடுத்தார். 1832இல் கணக்கிடும் பகுதியில் ஏழில் ஒரு பங்கு பூட்டப்பட்டு, பிசகில்லாமல் ஓடியது. அடுத்த ஆண்டே கிளமென்டுடன் பணத் தகராறு வந்து வேலை நின்றது. 1834 வாக்கில் பாபேஜின் மனம் இதைவிடப் பெரிய 'பகுப்பாய்வு இயந்திர'த்துக்குத் தாவிவிட்டது. 17,000 பவுனுக்கு மேல் செலவழித்திருந்த அரசு 1842இல் கையை விரித்தது. 1840களின் கடைசியில் பழைய இயந்திரத்தையே குறைந்த பாகங்களில் செய்யும்படி புதிதாக வரைந்தார். அதுவும் தாளோடு நின்றது. 1871இல் அவர் கண்ணை மூடியபோது, முழுதாக ஓடும் இயந்திரம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

அதே காலத்தில் சுவீடனில் கேயோர்க் ஷொய்ட்ஸ் என்ற அச்சக உரிமையாளர், பாபேஜின் இயந்திரம் பற்றி 1834இல் 'எடின்பரோ ரிவ்யூ' இதழில் வந்த கட்டுரையைப் படித்தார். மகன் எட்வர்டைச் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார். 1843இல் ஒரு மாதிரி ஓடியது. 1853இல் முழு இயந்திரம் வந்தது. 1855 பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அமெரிக்காவின் ஆல்பனி நகரில் இருந்த டட்லி வானாய்வகம் அதை வாங்கிக்கொண்டது. அதன் இன்னொரு பிரதி பிரிட்டிஷ் அரசின் பிறப்பு இறப்புப் பதிவுத் தலைமையகத்துக்குச் சென்று, 1864இல் வெளியான ஆயுள் அட்டவணைக்குக் கணக்குப் போட்டது. பாபேஜ் கனவு கண்ட நேர்த்தி அதில் இல்லை. அவ்வப்போது மக்கர் செய்தது, கூடவே ஆள் நின்று பார்க்க வேண்டியிருந்தது. இருந்தும் அட்டவணை வெளிவந்தது. பாபேஜின் தோல்விக்குப் பணம், அரசியல், தகராறு என்று பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் அவர் குணத்தின் மேல் போட முடியாது. ஆனால் அவர் இறந்து 120 ஆண்டு கழித்து, 1991இல், லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1840களின் கடைசியில் அவர் வரைந்த வரைபடத்தைக் கொண்டு, அக்காலத்தில் எட்டக்கூடிய துல்லியத்துக்குள்ளேயே அந்த இயந்திரத்தைச் செய்து காட்டியபோது அது சரியாக ஓடியது. வரைபடத்தின் அடிப்படையில் குறை இல்லை. கையில் இருந்ததை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வழக்கம்தான் அவரிடம் இல்லை.

கெட்டிக்காரர்கள் ஏன் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள்? உளவியலாளர்கள் பூரணத்துவ மோகத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாக நம்புவது. தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் இருவரும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் 1989 முதல் 2016 வரை கல்லூரி மாணவர்களிடம் எடுத்த அளவீடுகளைத் திரட்டி ஆராய்ந்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 41,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரம் அதில் இருந்தது. மூன்று வகையும் கூடியிருந்தன. மூன்றாவது வகைதான் எல்லாவற்றையும்விட வேகமாக, 33 சதவீதம், ஏறியிருந்தது. நம் ஊர் மாணவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அந்த மூன்றாவது வகை புரியாமல் போகாது. முடிக்காத வேலையை யாரும் குறை சொல்ல முடியாது. எழுதாத நாவலுக்கு விமரிசனம் வராது. எழுதாத தேர்வில் தோற்க முடியாது. 'இன்னும் கொஞ்சம் சரிபண்ண வேண்டியிருக்கிறது' என்ற சொல்லுக்குப் பின்னால் பல சமயம் ஒளிந்திருப்பது, பிறர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம். தரத்தின் மீதுள்ள பற்று என்று நாம் அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறோம்.

தொடங்கிய பிறகும் இந்த மோகம் விடுவதில்லை. ஒரு நாள் சறுக்கினால் எல்லாம் போச்சு என்று உட்கார வைத்துவிடுகிறது. இதை 1975இல் ஹெர்மன், மாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐஸ்கிரீமை வைத்தே காட்டினார்கள். சுவை பார்ப்பதற்கு என்று சொல்லி மாணவிகளை அழைத்தார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னும் ஐஸ்கிரீமை வைத்து, வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். உணவில் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாதவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். கடும் கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகுதான் ஐஸ்கிரீமைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விரதம் எப்படியும் கெட்டுவிட்டது, இனி எதற்கு அளவு என்ற நினைப்பு. மூன்று நாள் படிப்பு விட்டுப்போனதும் அட்டவணையைக் கிழித்துப்போட்டுப் புதிதாகப் போடுகிறவர் செய்வதும் இதுதான்.

உண்மையில் ஒரு நாள் விடுவதால் எவ்வளவு நட்டம்? லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் புதிய பழக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி 12 வாரம் கவனித்து, 2010இல் முடிவை எழுதினார்கள். பழக்கம் யோசிக்காமலே வரும் நிலையை எட்டச் சிலருக்கு 18 நாள் போதும் என்றும், சிலருக்கு 254 நாள் பிடிக்கும் என்றும் அவர்கள் கணக்கு காட்டியது. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் நாள் குறிப்பது வீண் என்பதற்கு இந்த இடைவெளியே போதும். இன்னொன்றையும் கண்டார்கள்: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைச் சொல்லும்படியாகப் பாதிக்கவில்லை. ஒரு நாள் சறுக்கலில் போவது அந்த ஒரு நாள்தான். அதைச் சாக்காக வைத்து விட்டுவிடும் மாதங்கள்தான் பெரிய நட்டம்.

இதற்கு நேர் எதிரான வழி எப்படி இருக்கும் என்பதற்கு உ.வே.சாமிநாதையர் பதிப்புப் பணியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழில் கிடைப்பது அரிது. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, பழைய பெருங்காப்பியங்களைச் சாமிநாதையர் படித்திருக்கவில்லை. ஏழு ஆண்டு கழித்து, 1887இல், சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சமண நூல் அது. சைவ மடத்தில் பயின்ற அவருக்குச் சமணக் கருத்துகள் புதியவை. ஊரிலிருந்த சமணர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எல்லாம் விளங்கிய பிறகே அச்சுக்குக் கொடுப்பது என்று இருந்திருந்தால் அந்த நாள் வந்திருக்காது. ஏனென்றால் அந்த நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் வரும் பல மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பது சங்க நூல் ஏடுகளுக்குள் இறங்கியதால்தான் புலப்பட்டது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வேலை போய்க்கொண்டே இருந்தது. அந்த வேலையில் சேர்ந்த அறிவோடு சிந்தாமணிக்குத் திரும்பி வந்து 1907இல் இரண்டாம் பதிப்பும், 1922இல் மூன்றாம் பதிப்பும் கொண்டுவந்தார். மூன்றாம் பதிப்புக்கு வேண்டிய அறிவை முதல் பதிப்புக்குப் பிந்தைய உழைப்புதான் தந்தது. காத்திருந்து அதைப் பெற வழியே இல்லை.

குறையோடு வெளியிடுவது எப்படி என்பதையும் அதே பதிப்புகளில் பார்க்கலாம். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை. பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. பல பாடல்களில் அடிகள் சிதைந்திருக்கின்றன. சிதைந்த இடத்தில் புள்ளிகளை இட்டு, தெரிந்ததைத் தெரிந்த அளவில் அச்சிட்டார். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. 1904இல் எஞ்சிய எட்டுப் பத்துகளோடு வந்தது. தாமதத்தின் விலை அப்போது கண்ணுக்குத் தெரிந்தது: செல்லும் ஈரமும் ஆண்டுதோறும் ஏடுகளைத் தின்றுகொண்டிருந்தன. சிந்தாமணி வந்த அதே 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளையும் இந்த நெருக்கடியில் இயங்கியவர்தான். சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. முழுவதையும் எழுதி முடித்துத்தான் கொடுப்பேன் என்றிருந்தால் அந்த நூலே நமக்கு வாய்த்திருக்குமா என்பது சந்தேகம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அறுவை சிகிச்சையில், பாலம் கட்டுவதில், விமானம் ஓட்டுவதில் 'பிறகு திருத்திக்கொள்ளலாம்' என்று இருக்க முடியுமா? முடியாது. ஆனால் அந்தத் துறைகள் தரத்தை எப்படிக் காக்கின்றன என்று கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் அறுவை அரங்குக்காக 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. நோயாளி இன்னார்தானா, வெட்ட வேண்டிய இடம் இதுதானா, முடிந்ததும் ஊசி, பஞ்சு எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்பன போன்ற எளிய கேள்விகள்தான் அதில் உள்ளவை. எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்து 2009இல் வெளியிட்ட முடிவில், இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. எவ்வளவு பெரிய நிபுணருக்கும் கை தவறும், மறதி வரும் என்று ஒப்புக்கொண்ட பிறகு எழுதிய பட்டியல் அது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில்கூடப் பாதுகாப்பு வந்தது 'நான் தவறவே மாட்டேன்' என்ற நினைப்பால் அல்ல, தவறைப் பிடிக்க ஓர் ஏற்பாடு செய்துவைத்ததால். தவிர, நம்மில் பெரும்பாலோர் தள்ளிப்போடுவது அறுவை சிகிச்சையை அல்ல. ஒரு கட்டுரையை, ஒரு கடன் கணக்கை, அரை மணி நேர நடையை. அவற்றில் முதல் முயற்சி கோணலாக வந்தால் யாருக்கும் காயமில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு: இப்படிச் சொன்னால் அரைகுறை வேலைக்குச் சலுகை கொடுத்ததாகாதா? ஒப்புக்கு மாரடிக்கிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்களே? இருக்கிறார்கள்தான். அவர்களுக்கும் சாமிநாதையருக்கும் உள்ள வித்தியாசம் முதல் பதிப்பில் தெரியாது. இரண்டாம் பதிப்பில்தான் தெரியும். அரைகுறைக்காரர் குறையை மறைக்கிறார், கொடுத்ததோடு மறந்துவிடுகிறார். மற்றவர் குறை இருக்கும் இடத்தில் புள்ளி வைக்கிறார், இருபது ஆண்டு கழித்தும் திரும்பி வருகிறார். ஆகவே ஒருவர் எவ்வளவு உயர்ந்த தரம் வைத்திருக்கிறார் என்பதை அவர் எத்தனை நாள் தள்ளிப்போட்டார் என்பதைக் கொண்டு அளக்கக் கூடாது. எத்தனை முறை திருத்தினார் என்பதைக் கொண்டு அளக்கலாம்.

நடைமுறையில் இதிலிருந்து பெறுவது மூன்று தீர்மானங்கள். முதலாவது, வேலைக்கு நாள் குறிக்கும்போது ஒன்றுக்கு இரண்டாகக் குறிப்பது: முதல் வடிவம் முடிய ஒரு நாள், அதற்குத் திரும்பிவர இன்னொரு நாள். இரண்டாவது நாள் உறுதியாக இருந்தால் முதல் நாளின் பயம் தானாகவே தணியும். அடுத்தது, தெரியாததை வெளிப்படையாகக் குறித்துவிட்டு மேலே போவது. விளங்காத பாடத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, எழுத வராத பத்தியில் ஒரு வெற்றிடம் போதும். அங்கேயே நின்றால் முழு அத்தியாயமும் நின்றுவிடும். கடைசியாக, விட்டுப்போன நாளுக்கு ஈடுகட்ட முனையாமல் மறுநாள் வழக்கமான அளவையே செய்வது. இரட்டிப்பாகச் செய்கிறேன் என்று கிளம்புவது இன்னொரு சறுக்கலுக்கு வழிபோட்டுக் கொடுக்கும். இந்த மூன்றையும் செய்கிறவருடைய முதல் முயற்சி சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் திருத்துவதற்கு அவர் கையில் ஒன்று இருக்கும்; காத்திருந்தவர் கையில் அது இருக்காது.