செயலி மட்டும் போதுமா? இணையவழி சிகிச்சை குறித்த ஆய்வுகள் கூறுவது என்ன

புது தில்லி: மனச்சோர்வு, மனப்பதற்றம், நீரிழிவு போன்ற பாதிப்புகளுக்குக் கைப்பேசி வழியாகவே உதவி பெறலாம் என்று கூறும் செயலிகள் பெருகி வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முறையான மருத்துவ ஆய்வுக்கு உள்ளாக்கப்படாதவை. ஆயினும், இணையவழி சிகிச்சை எப்போது பலன் தருகிறது, எப்போது தருவதில்லை என்பது குறித்து 20 ஆண்டுகளுக்கும் மேலாக உலக அளவில் ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.

இந்தியாவுக்கு இந்தக் கேள்வி மிகவும் முக்கியமானது. பெங்களூரில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 2015-16-ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. அதன்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்கின்றனர். பாதிப்பின் வகையைப் பொருத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு எந்தச் சிகிச்சையும் கிடைப்பதில்லை. 1 லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், மருத்துவரின் வேலையில் ஒரு பகுதியையாவது இணையம் செய்துவிடாதா என்ற எதிர்பார்ப்பு இயல்பானதே.

அந்த எதிர்பார்ப்புக்கு வலுச்சேர்த்த தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று ஆஸ்திரேலியாவில் நடைபெற்றது. எதிர்மறை எண்ணங்களை இனங்கண்டு மாற்றிக்கொள்ளப் பயிற்றுவிக்கும் 'மூட்ஜிம்' என்ற இணையதளத்தை ஆஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினர். மனச்சோர்வு அறிகுறிகள் கொண்ட 525 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து அவர்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2004-இல் வெளியானது. இணையதளத்தைப் பயன்படுத்தியவர்களிடம் அறிகுறிகள் குறைந்திருந்தன. மனச்சோர்வு பற்றிய விளக்கங்களை மட்டும் அளித்த மற்றொரு இணையதளமும் பலன் தந்தது என்பது அந்த ஆய்வில் கவனிக்கத்தக்கது.

ஆனால், அடுத்த ஆண்டே ஒரு சிக்கல் வெளிச்சத்துக்கு வந்தது. இணையவழி சிகிச்சையைத் தொடங்குபவர்களில் பெரும் பகுதியினர் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றனர் என்பதையும், இது இத்துறையின் அடிப்படை இயல்பு என்பதையும் ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக் 2005-இல் சுட்டிக்காட்டினார். மாத்திரையை உட்கொள்ளாத நோயாளிக்கு மருந்தின் பலன் கிடைக்காதது போன்றதே இதுவும்.

பிரிட்டனில் நடைபெற்ற 'ரீஆக்ட்' ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. மனச்சோர்வுக்காகப் பொது மருத்துவரை நாடிய 691 பேர் அதில் பங்கேற்றனர். மருத்துவரின் வழக்கமான சிகிச்சையுடன் ஒரு பிரிவினருக்கு மூட்ஜிம்மும், மற்றொரு பிரிவினருக்கு 'பீட்டிங் தி புளூஸ்' என்ற கணினிவழிப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிட இவ்விரு பிரிவினரும் கூடுதல் முன்னேற்றம் காணவில்லை என 2015-இல் வெளியான முடிவு தெரிவித்தது. காரணம் எளிது. பெரும்பாலானோர் ஒன்றிரண்டு பாடங்களுடன் நின்றுவிட்டனர். முழுமையாக முடித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. தொழில்நுட்பச் சந்தேகங்களுக்குத் தொலைபேசி உதவி இருந்தது. நோயாளியின் மனநிலையை விசாரித்து, பயிற்சியைத் தொடரச் செய்யும் துணை இல்லை.

அதே குழுவினர் அடுத்த ஆய்வில் அந்தத் துணையைச் சேர்த்துப் பார்த்தனர். 369 பேரில் ஒரு பிரிவினருக்கு மூட்ஜிம்முடன், பயிற்சி பெற்ற பணியாளர்கள் தொலைபேசியில் பேசி வழிகாட்டினர். நான்கு மாத முடிவில் அவர்களின் நிலை தெளிவாக மேம்பட்டிருந்தது. ஓராண்டுக்குப் பிறகு அந்த வேறுபாடு உறுதியாகக் கூற இயலாத அளவுக்குக் குறைந்தது. லேசான மனச்சோர்வு உள்ளவர்கள் வழிகாட்டி இன்றியும் பலன் பெறலாம், பாதிப்பு கூடுதலாக இருந்தால் வழிகாட்டியுடன் கூடிய முறையே மேலானது என்று, பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2021-இல் வெளியான பகுப்பாய்வும் தெரிவித்தது.

உடல்நலத்தைப் பொருத்தவரை, தென்னிந்தியாவில் நடைபெற்ற ஓர் ஆய்வு நம்பிக்கையூட்டுகிறது. நீரிழிவு வரும் அபாயத்தில் இருந்த 537 ஆண்களில் ஒரு பிரிவினருக்கு, உணவு மற்றும் உடற்பயிற்சி குறித்த குறுஞ்செய்திகளைச் சென்னை மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு இரண்டு ஆண்டுகள் அனுப்பியது. குறுஞ்செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். பெற்றவர்களில் அது 18 சதவீதம். செயலியோ அதிவேக இணையமோ இதற்குத் தேவைப்படவில்லை. சாதாரணக் கைப்பேசியே போதுமானதாக இருந்தது. எனினும், இரு பிரிவினருக்கும் தொடக்கத்தில் நேரில் ஆலோசனை வழங்கப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

அந்த ஆய்வில் பெண்கள் இடம்பெறவில்லை. இது சிறிய குறையன்று. 2019-21-ஆம் ஆண்டின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்துள்ள பெண்கள் 54 சதவீதம் மட்டுமே. இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதமாக இருக்க, பெண்கள் 33 சதவீதமாகவே இருந்தனர். கணவரோ மகனோ வைத்திருக்கும் கைப்பேசியில் ஒரு பெண் தன் மனவேதனையைப் பதிவு செய்வார் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

எனவே, இந்திய ஆய்வாளர்கள் சிலர் கருவியை நோயாளியின் கையில் அல்லாமல் சுகாதாரப் பணியாளரின் கையில் அளித்துப் பார்த்துள்ளனர். ஆந்திரம், ஹரியானா மாநிலங்களில் 44 ஆரம்ப சுகாதார நிலையங்களை உள்ளடக்கி ஜார்ஜ் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், ஆஷா பணியாளர்கள் கையடக்கக் கணினியுடன் வீடு வீடாகச் சென்று பாதிக்கப்பட்டவர்களை இனங்கண்டனர். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அக்கருவி மருத்துவருக்குப் பரிந்துரைத்தது. சிகிச்சையை இடையில் விட்டவர்களை மீண்டும் சந்திக்குமாறு ஆஷா பணியாளருக்கு நினைவூட்டியது. இத்துடன், மனநோய் குறித்த தயக்கத்தைப் போக்கும் பிரசாரமும் கிராமங்களில் நடைபெற்றது. 2024-இல் வெளியான முடிவுகளின்படி, அபாய நிலையில் இருந்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தின் செஹோர் மாவட்டத்தில், மனச்சோர்வுக்கு ஆலோசனை வழங்கும் முறையை ஆஷா பணியாளர்களுக்குக் கைப்பேசி வழியே கற்பிக்கும் முயற்சியை சங்கத் அமைப்பு மேற்கொண்டது.

தற்கொலை எண்ணம் கொண்டவர்களைப் பெரும்பாலான இணையவழி ஆய்வுகள் பாதுகாப்பு கருதிச் சேர்ப்பதில்லை. ஆகையால், மேற்கண்ட முடிவுகள் அவர்களுக்குப் பொருந்தா. அத்தகையோர் செயலியை நம்பியிராமல் உடனடியாக ஒருவரிடம் பேசுவது அவசியம். 2022-23 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தொடர்புகொள்ளலாம்.