புகாருக்குப் பிறகு என்ன நடக்கும்?

"நீ பார்த்தாயா?"

மனிதவளப் பிரிவு அதிகாரி கேட்ட இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இன்றுவரை மறக்க முடியவில்லை.

கடந்த ஆண்டு ஜொகூரில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மூன்று மாதம் தொழிற்பயிற்சி செய்தேன். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் அங்கு எட்டு ஆண்டுகளாக வேலை செய்யும் ஓர் அக்கா. எங்கள் பகுதியின் சூப்பர்வைசர் அவர் பின்னால் வந்து நின்று தோளில் கை வைப்பதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரவில் வரும் புலனச் செய்திகளையும் அக்கா காட்டியிருக்கிறார். ஒரு நாள் அவர் துணிந்து புகார் கொடுத்தார். சாட்சியாக என் பெயரைச் சொன்னார்.

"நான் கவனிக்கவில்லை" என்றேன். என் பயிற்சி மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் அதே சூப்பர்வைசர்.

இரண்டு வாரத்தில் அக்காவுக்கு இரவு ஷிப்ட் வந்தது. ஓவர்டைம் நின்றது. காரணம் கேட்டதற்கு, "வேலைத் தேவை" என்றார்கள். பிள்ளைகளை இரவில் விட்டுவர ஆளில்லாமல் அவரே வேலையை விட்டார்.

பாலியல் தொல்லையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். புகாருக்குப் பிறகு வரும் பழிவாங்கலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. "நீ புகார் கொடுத்ததால் தண்டிக்கிறோம்" என்று எந்த நிறுவனமும் கடிதம் எழுதாது. அது ஷிப்ட் மாற்றமாக, இடமாற்றமாக, புதுப்பிக்கப்படாத ஒப்பந்தமாக வரும். பார்ப்பதற்குச் சாதாரண நிர்வாக முடிவு போலவே இருக்கும்.

சில வேளைகளில் அது நீதிமன்ற வழக்காகவும் வரும். தாபோங் ஹாஜி நிறுவனத்தில் பணியாற்றிய ஒரு பெண் அதிகாரி, 2009இல் தம் மேலதிகாரி மீது புகார் கொடுத்தார். போதிய ஆதாரமில்லை என்று உள்விசாரணை முடிந்தாலும், அந்த மேலதிகாரிக்குக் கடும் எச்சரிக்கை தரப்பட்டது. பின்னர் அவரின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. அவரோ புகார் கொடுத்த பெண் மீதே அவதூறு வழக்குப் போட்டார். அந்தப் பெண் பின்வாங்காமல் எதிர்வழக்குத் தொடுத்தார். உயர்நீதிமன்றம் அவருக்கு மொத்தம் 120,000 ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. 2016 ஜூன் மாதம் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தொல்லைக்கு ஆளானவர் நேரடியாக வழக்குத் தொடுத்து இழப்பீடு கேட்கலாம் என்ற நிலை இந்தத் தீர்ப்பால்தான் நம் நாட்டில் உருவானது. ஆனால் புகாருக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இன்று நமக்கு வேறு வழிகளும் உள்ளன. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, புகாரை முதலாளி விசாரிக்க வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். கடமை தவறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். 2023 ஜனவரி முதல், பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைப்பதும் கட்டாயம். நான் பயிற்சி செய்த இடத்தில் அப்படி ஓர் அறிவிப்பு என் கண்ணில் பட்டதே இல்லை.

2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் தனி நடுவர் மன்றமும் 2024 மார்ச் முதல் செயல்படுகிறது. வழக்கறிஞர் இல்லாமலேயே அங்கு முறையிடலாம். 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. மாணவர்களும் பயிற்சியாளர்களும்கூட அங்கு செல்லலாம். ஆனால் புகார்தாரரையும் சாட்சியையும் பழிவாங்கலிலிருந்து காக்கும் தெளிவான விதி அந்தச் சட்டத்தில் இல்லை என்று, மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோதே பெண்கள் அமைப்புகள் சுட்டிக்காட்டின.

அப்படி ஒரு விதி எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு கொடுமை காட்டுகிறது. திண்டுக்கல் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அவரின் மேற்பார்வையாளர் கைதானார். பல மாதங்களாகத் தொல்லை இருந்தது, பயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை என்று குடும்பத்தாரும் சக தொழிலாளர்களும் சொன்னார்கள். அதன் பிறகு பெண்கள் வழிநடத்தும் தொழிற்சங்கம் ஒன்று போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனத்துடன் திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் செய்தது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக்கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. தொழிலாளர்களே தங்களுக்குள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள்.

அந்தப் பெண்ணுக்கு என் வயது. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

வேலைக்குப் போகும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். புகாரை வாய்மொழியாக மட்டும் சொல்லாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். புகாருக்கு முந்தைய ஷிப்ட் அட்டவணை, சம்பளச் சீட்டு, மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றையும் சேமித்து வையுங்கள். புகாருக்குப் பிறகு என்ன மாறியது என்பதைக் காட்டும் ஆதாரங்கள் அவை. வேலையை விட்டு நீக்கினாலோ, விலகும் நிலைக்குத் தள்ளினாலோ, 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வேண்டும். அதைத் தாண்டினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

அக்காவுக்கு அது அடைபட்டுவிட்டது. நான் பார்த்ததை நாள், நேரத்துடன் ஒரு பக்கத்தில் எழுதி அவருக்கு அனுப்பியபோது நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் இப்போது தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

"இப்பவாவது எழுதினியேம்மா. பத்திரமா வச்சிருக்கேன்" என்றார்.

அவர் என்னைக் கோபித்திருந்தால் மனம் ஆறியிருக்கும். உங்களிடம் யாராவது "நீ பார்த்தாயா?" என்று கேட்டால், பார்த்ததை அன்றைக்கே சொல்லுங்கள்.