சுவடின்றிக் கலையும் நகரம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள பிளாக் ராக் பாலைவனத்தில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியில் ஏறத்தாழ 70,000 பேர் குடியேறும் கூடார நகரம் ஒன்று எழுந்து, செப்டம்பர் முதல் வாரத்தில் கலைந்துவிடுகிறது. ‘பர்னிங் மேன்’ எனப்படும் இக்கலைவிழா, 1986-இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையொன்றில் மரப்பாவை ஒன்றைக் கொளுத்திய சிறு கூட்டத்தில் தொடங்கி, 1990-இல் இப்பாலைக்கு இடம்பெயர்ந்தது. நிலம் நடுவண் அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் இருப்பதால், அதன் அனுமதியுடனேயே விழா நடைபெறுகிறது. விழா முடிந்தபின் நிலம் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பது அவ்வனுமதியின் முதன்மையான நிபந்தனைகளுள் ஒன்று.

இந்நிலம் மணல்மேடுகள் நிறைந்த பாலையன்று. பனியுகத்தில் இங்குப் பரந்திருந்த லஹொன்டன் என்னும் பேரேரி வற்றியபின் எஞ்சிய அதன் அடித்தளமே இன்று ‘பிளாயா’ எனப்படுகிறது. தமிழ் உழவர் களர் என்று சொல்லும் காரத்தன்மை மிக்க அந்த வண்டல், கோடையில் ஓடுபோல வெடித்து, மாவினும் நுண்ணிய புழுதியாகப் பறப்பதால், வெறுங்காலுடன் நடப்பவரின் பாதத்தோல் வறண்டு பிளக்கிறது; வினிகர் கலந்த நீரில் காலைக் கழுவிக் காரத்தை முறிப்பது அங்கு வழக்கமான வைத்தியம். புல்லும் புதரும் அற்ற வெளியாயினும் அது உயிரற்ற நிலமன்று; மழைநீர் தேங்கும்போது மட்டுமே பொரிக்கும் ஒருவகைச் சிற்றிறால்களின் முட்டைகள் அவ்வறண்ட மண்ணுக்குள் காத்துக்கிடக்கின்றன.

விழாவை நிறுவியவர்களுள் ஒருவரான லேரி ஹார்வி 2004-இல் வகுத்த பத்து நெறிகளில், தன் தேவைகளைத் தானே பார்த்துக்கொள்வதும் சுவடு விடாமல் செல்வதும் அடங்கும். நகரத்தில் பொதுக் குப்பைத்தொட்டி கிடையாது. கொண்டுவந்தவரே தம் குப்பையைத் திரும்பக் கொண்டுசெல்ல வேண்டும். ஆகவே பொறுப்பான முகாம் வாழ்க்கை வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது: அட்டைப்பெட்டிகளையும் நெகிழி உறைகளையும் அங்கேயே கழற்றிவிட்டு, பொருளைத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய டப்பாக்களில் நிரப்பிச் செல்பவருக்குப் பாலையில் சுமை பாதியாகிறது.

நீருக்கும் இதே கணக்குத்தான். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை காலன், அதாவது ஏறக்குறைய 5.7 லிட்டர் நீர் கொண்டுவருமாறு அறிவுறுத்தப்படுகிறது. ஆனால் குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் தரையில் கொட்டக்கூடாது என்பதால், எஞ்சும் கழிவுநீரும் வண்டியேறியே ஊர் திரும்ப வேண்டும். நெருப்பையும் நேரடியாகத் தரையில் மூட்டலாகாது, ஏனெனில் களிமண் சூளையில் வெந்ததுபோல் இறுகி, நிறம் மாறிய வடுவாக நிலைத்துவிடும்; தரைக்கு மேலே உயர்த்திய மேடைகளிலும் இரும்புப் பீப்பாய்களிலும் தீ வளர்ப்பதன் காரணம் இதுவே. புழுதிக்காற்றைத் தாங்குவதற்கு ஆழமாக அடிக்கப்படும் கூடார முளைகளும் கடைசி நாளில் எண்ணிப் பிடுங்கப்பட வேண்டியவை. புழுதி மூடிய ஒற்றை முளை பின்னாளில் ஒரு டயரைக் கிழிக்கப் போதுமானது.

இடம் மாறிக் கிடக்கும் எந்தப் பொருளையும் விழாவினர் ‘மூப்’ என்ற சொல்லால் குறிக்கின்றனர். உடையிலிருந்து உதிர்ந்த சமிக்கி, பிஸ்தா ஓடு, மரச்சிராய், சிகரெட் துண்டு ஆகிய யாவும் அதில் அடங்கும். விழாவுக்குப்பின் துப்புரவுக் குழுவினர் வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடியே நகரம் முழுவதும் நடந்து இவற்றைப் பொறுக்கி, எந்தப் பகுதி எவ்வளவு தூய்மையாக இருந்தது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களால் வரைபடத்தில் குறித்து வெளியிடுகின்றனர். பின்னர் நில மேலாண்மைப் பணியகம் மாதிரி இடங்களைச் சோதிக்கிறது. அங்குக் கிடைக்கும் குப்பையைப் பரப்பிவைத்தால், அது சராசரியாக ஏக்கருக்கு ஒரு சதுர அடிக்கு மிகக்கூடாது. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி என்பதை எண்ணிப்பார்த்தால் இவ்வளவுகோலின் கடுமை விளங்கும்.

இந்த ஒழுங்குக்கும் எல்லைகள் உண்டு. 2023 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த மழையில் பிளாயா பிசின்போன்ற சேறாகிப் பாதைகள் மூடப்பட, பல்லாயிரவர் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டனர். கூடுதலாக நீரும் உணவும் வைத்திருந்த முகாம்களால்தான் அயலாருக்கும் கைகொடுக்க முடிந்தது. மேலும், ஊர் திரும்பும் பாதை பிரமிட் லேக் பையூட் பழங்குடியினரின் நிலத்தினூடே செல்கிறது. பாலையைத் துடைத்துவிட்டுக் குப்பைமூட்டையைச் சாலையோரத்தில் தள்ளுபவர் சுவடு விடாமல் சென்றவர் ஆகார். தம் சுவட்டை அடுத்தவர் வாசலுக்கு நகர்த்தியவரே ஆவார்.