மொட்டை மூக்குத் தோட்டா

டீ ஆறுவதற்குள் ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கியைப் பார்த்துவிடுவோமா? பெயர் வின்செஸ்டர் 1894. ஊர் அமெரிக்காவின் நியூ ஹேவன். வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். எழுபது லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட துப்பாக்கி இது.

விசையைச் சுற்றிக் கீழே ஒரு நெம்புகோல் வளையம் தொங்குகிறது. விரல்களை நுழைத்து முன்னால் தள்ளினால், சுட்டு முடிந்த வெற்றுக்கூடு மேல்பக்கமாகத் துள்ளி விழும். திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடும். அடிபம்பு அடித்துப் பழகிய கைக்கு இது ஒரு வித்தையே இல்லை.

தோட்டா என்று நாம் சொல்வதில் பறந்து போவது முனையிலுள்ள குண்டு மட்டும்தான். மற்றதெல்லாம் பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் தட்டினால் தீப்பற்றும் கேப்பு. இந்தத் துப்பாக்கிக்கு 1895-இல் வந்த தோட்டாவை ‘தேர்ட்டி தேர்ட்டி’ என்பார்கள். முதல் முப்பது, குழலின் உள்விட்டம்: அங்குலத்தில் நூறில் முப்பது பங்கு. அடுத்தது மருந்தின் எடை, 30 கிரெய்ன். ஒரு கிரெய்ன், குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. ஆக மொத்தம் இரண்டு கிராம்கூடத் தேறாது. ஆனால் அது புகை கக்காத புது மருந்து. பழைய கரிமருந்தைவிட வேகம் அதிகம்.

இப்போது குண்டின் மூக்கைப் பாருங்கள். மொட்டையாக இருக்கிறது. ‘அந்தக் காலத்து ஆட்களுக்குக் கூராகச் செய்யத் தெரியவில்லை’ என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விடை குண்டில் இல்லை, தோட்டாக்கள் படுத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய் ஓடுகிறது. அதற்குள் டார்ச்சில் பேட்டரிக் கட்டை போடுவதுபோல் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு ஸ்பிரிங் அவற்றைப் பின்னால் நெட்டிக்கொண்டே இருக்கிறது. பின்னதன் மூக்கு முன்னதன் அடியில், சரியாகக் கேப்பின் மேலேயே முட்டி நிற்கும். சுடும்போது துப்பாக்கி உதைக்கும். வரிசை முழுவதும் குலுங்கும். மூக்கு ஊசியாக இருந்தால் கேப்பைக் குத்திவிடாதா? குழாய்க்குள்ளேயே வெடித்தால், அதைத் தாங்கிப் பிடித்திருப்பது சுடுகிறவரின் இடது கை!

மொட்டை மூக்கு காற்றோடு மல்லுக்கட்டும், வேகம் சீக்கிரம் குறையும். அதனால் என்ன, அடர்ந்த காட்டில் மான் கண்ணில் படுவதே நூறு மீட்டருக்குள்தான். கூர்முனை வேண்டும் என்பவர்களுக்காக, அழுத்தினால் அமுங்கும் மென்முனைக் குண்டுகள் பிற்பாடு வந்தன.

இந்தத் துப்பாக்கியில் இரண்டாகக் கழற்றும் வகையும் உண்டு. முதலில் தோட்டா ஒன்றுகூட இல்லாமல் காலி செய்யவேண்டும். பிறகு அடிக்குழாயைச் சற்று முன்னால் இழுத்து, நெம்புகோலைத் திறந்து, குழலைக் கால் சுற்றுத் திருப்பினால், ஹோல்டரிலிருந்து பல்பு வருவதுபோல் கையோடு வந்துவிடும். குறி தப்பாதா என்றால், குறிபார்க்கும் முன்முனை, பின்பள்ளம் இரண்டும் குழலின் மேலேயே இருக்கின்றன. குழல் போகும் இடத்துக்கு அவையும் சேர்ந்தே போகும்.